ஹைலக்ஸ் டீசல் ஆட்டோவுக்கு ஷிஃப்ட் கிட்: முதலில் ரிவர்ஸைப் பாருங்கள்

கேள்வி இது: மலேசியாவின் பினாங்கில் ஓடும் டொயோட்டா ஹைலக்ஸ் 3.0 டீசல் பிக்கப், நாலு கியர் ஆட்டோ. பாலேக் பூலாவில் டுரியான் ஏற்றிக்கொண்டு ஜாலான் துன் சார்டோன் ஏற்றத்தில் வரும்போது, இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாறுகிற இடத்தில் ஆர்பிஎம் சட்டென்று ஏறி, பிறகுதான் கியர் பிடிக்கிறது. இன்ஜினை ரீமேப் செய்தாயிற்று, அதாவது அதன் கம்ப்யூட்டர் கணக்கை மாற்றி இழுவையைக் கூட்டியாயிற்று. பட்டறை போர்மேன் "ஷிஃப்ட் கிட் போட்டால் சரியாகிவிடும்" என்கிறார்; கியர் பெட்டிக்குள் எண்ணெயைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியில், கியர் சீக்கிரம் பிடிக்கும்படி போடும் ஸ்பிரிங், வால்வுத் தொகுப்பு அது. அவர் சொல்வது சரியா, வால்வ் பாடியை இறக்கி நாமே போட முடியுமா?

முடியும். ஆனால் ஆர்பிஎம் தனியாக ஏறிவிட்டுக் கியர் பிடிப்பது ஷிஃப்ட் கிட் போட வேண்டிய நோயின் அறிகுறி இல்லை. கியர் மெதுவாக, இழுத்து இழுத்து மாறுவது ஒன்று. நடுவில் எந்தக் கியரும் இல்லாததுபோல் இன்ஜின் கத்துவது வேறு. முதலாவதற்குக் கிட் மருந்து. இரண்டாவது பெரும்பாலும் கியர் பெட்டிக்குள் எண்ணெய் கசிவு அல்லது தேய்ந்த கிளட்ச். அங்கே கிட் போட்டால் சில வாரம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும், பிறகு பழைய கதைதான்.

இந்த வண்டியின் முதல் வருஷங்களில் வந்த நாலு கியர் பெட்டி ஐசின் வார்னர் செய்த ஏ340 குடும்பத்தைச் சேர்ந்தது. கியர் விகிதம் 2.804, 1.531, 1.000, 0.705. ரிவர்ஸ் 2.393. இதில் சி என்பவை கிளட்ச், பி என்பவை பெட்டிக்குள் இருக்கும் பிரேக். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போக பி2 பிரேக் பிடிக்கிறது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக சி2 கிளட்ச் பிடிக்கிறது. நாலாவதான ஓவர்டிரைவுக்கு சி0 விட்டு பி0 பிடிக்கிறது. கவனிக்க வேண்டியது, ரிவர்ஸுக்கும் அதே சி2 கிளட்ச்தான் வேலை செய்கிறது. ஆகவே மூன்றாம் கியரில் சந்தேகம் வந்தால் ரிவர்ஸைக் கேட்டால் போதும், அது உண்மையைச் சொல்லிவிடும்.

சோதனை இப்படி. எண்ணெய் 70 முதல் 80 டிகிரி வரை சூடாகும்படி வண்டியை ஓட்டி வந்து சமதரையில் நிறுத்துங்கள். ஏர்கானை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஐடிலில் வைத்து நியூட்ரலிலிருந்து டிரைவுக்குத் தள்ளி, வண்டி லேசாக உதறி கியர் பிடிக்கும் வரை எத்தனை வினாடி என்று பாருங்கள். 1.2 வினாடிக்குள் பிடிக்க வேண்டும். நியூட்ரலிலிருந்து ரிவர்ஸுக்கு 1.5 வினாடிக்குள். ஒவ்வொன்றையும் மூன்று முறை, இடையில் ஒரு நிமிஷம் விட்டுச் செய்து சராசரி எடுங்கள். டிரைவ் சரியாக இருந்து, ரிவர்ஸ் மட்டும் இரண்டு வினாடி இழுத்தால் சி2 பாதையில் எங்கோ கசிகிறது: அக்குமுலேட்டர் பிஸ்டனின் (கிளட்ச் மெதுவாகப் பிடிக்க வைக்கும் பிஸ்டன்) ஓ-ரிங், கிளட்ச் டிரம்மின் சீலிங் ரிங், அல்லது கிளட்ச் தட்டே. இவற்றில் ஓ-ரிங் ஒன்றுதான் வால்வ் பாடியை இறக்கினாலே கைக்கு எட்டும். மற்றவற்றுக்குப் பெட்டி வெளியே வர வேண்டும். டிரைவும் ரிவர்ஸும் இரண்டுமே இழுத்தால் கதை வேறு: எண்ணெய் குறைவு, அடைத்த ஃபில்டர், அல்லது பம்ப் தரும் மொத்த எண்ணெய் அழுத்தமான லைன் பிரஷர் குறைவு.

ரிவர்ஸ் தேர்ச்சி பெற்றுவிட்டால் எண்ணெயைப் பாருங்கள். டிப்ஸ்டிக்கை வெள்ளைக் காகிதத்தில் துடைத்தால் சிவப்போ பழுப்புச் சிவப்போ என்றால் பரவாயில்லை. கறுத்து, கருகிய வாடை அடித்தால் கிளட்ச் ஏற்கெனவே வெந்திருக்கிறது. ஓவர்டிரைவ் விளக்கு மின்னுகிறதா என்று கவனித்து ஸ்கேனர் வைத்துப் பாருங்கள். பி0750, பி0755 குடும்பத்துக் குறியீடு வந்தால் அது சோலனாய்டு விவகாரம், அதாவது கம்ப்யூட்டர் சொல்கிறபடி எண்ணெய் வழியைத் திறந்து மூடும் மின்வால்வு. எஸ்1, எஸ்2 சோலனாய்டுகளின் மின்தடை 20 டிகிரியில் 11 முதல் 15 ஓம் வரை இருக்க வேண்டும்.

மின்சாரத்தையும் எண்ணெயையும் பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. சோலனாய்டு கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் பெட்டி கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்காது. லீவர் எல்-இல் முதல் கியர், 2-இல் மூன்றாவது, டி-இல் ஓவர்டிரைவ் என்று கையாலேயே மாற்றலாம். அப்படி எல்-இலிருந்து 2-க்கு மாற்றும்போதும் மூன்றாவது கியர் வழுக்கினால் வயரையும் கம்ப்யூட்டரையும் குற்றம் சொல்ல வேண்டாம். சோதனை முடிந்ததும் கனெக்டரை மாட்டி, பதிவான குறியீட்டை அழித்துவிடுங்கள்.

இனி கிட் என்ன செய்கிறது என்பது. 'ஷிஃப்ட் கிட்' என்பது அமெரிக்காவின் டிரான்ஸ்கோ நிறுவனம் பதிவு செய்த வணிகப் பெயர், நாளடைவில் எல்லோருடைய சாமானுக்கும் அதுவே பெயராகிவிட்டது. பாக்கெட்டைப் பிரித்தால் சில ஸ்பிரிங், ஒன்றிரண்டு வால்வு அல்லது அடைப்பான், சில உருண்டைகள், வால்வ் பாடியின் பிரிப்பான் பிளேட்டில் எந்தத் துளையை எவ்வளவு பெரிதாக்குவது என்ற தாள், சில கிட்டில் அதற்கான டிரில் பிட்டும். 'இவ்வளவுதானா' என்று தோன்றும். இவ்வளவுதான்.

கிளட்சுக்குப் போகும் எண்ணெய் முதலில் பிரிப்பான் பிளேட்டின் சிறு துளை வழியே செல்கிறது. போகிற வழியில் அக்குமுலேட்டர் என்ற ஒரு பிஸ்டனையும் அதன் ஸ்பிரிங்கையும் தள்ளிக்கொண்டு போகிறது. அந்த பிஸ்டன் நகர்ந்துகொண்டிருக்கும் வரை கிளட்சில் அழுத்தம் முழுதாக ஏறாது. தட்டுகள் திட்டமிட்டபடி வழுக்கிக்கொண்டே பிடிக்கும். பிஸ்டன் முட்டி நின்ற பிறகுதான் முழு அழுத்தம். பயணிக்கு உதறல் தெரியாமலிருக்கத் தொழிற்சாலை வைத்த மெத்தை அது. வழுக்கும் நேரத்தில் உண்டாகும் சூட்டைத் தீர்மானிப்பவை மூன்று: எவ்வளவு டார்க், எவ்வளவு வேக வித்தியாசம், எவ்வளவு நேரம். 3.0 டீசலின் டார்க் தொழிற்சாலைக் கணக்கிலேயே 343 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,400 ஆர்பிஎம்மிலிருந்தே. ரீமேப் அதற்கு மேலும் ஏற்றுகிறது. டார்க்கைக் கூட்டிவிட்டு நேரத்தை அப்படியே விட்டால் சூடு கூடும். கிட் அந்த நேரத்தைக் குறைக்கிறது. ஸ்பிரிங் கடினமானால் மாறும்போது இருக்கும் அழுத்தம் கூடும், துளை பெரிதானால் எண்ணெய் சீக்கிரம் நிரம்பும்.

துளை விஷயத்தில்தான் அதிகம் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். எண்ணெய் ஓட்டம் துளையின் விட்டத்தைப் பொறுத்ததல்ல, பரப்பைப் பொறுத்தது. 1.6 மில்லிமீட்டர் துளையை 2.0 ஆக்கினால் கண்ணுக்கு அரை நூல்கூடத் தெரியாது, ஆனால் பரப்பு 56 சதவீதம் கூடிவிட்டது. 'தாளில் சொன்னதைவிட ஒரு பிட் பெரிதாகப் போட்டால் இன்னும் நன்றாகப் பிடிக்கும்' என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். பெரிதாக்கிய துளையைச் சிறிதாக்க முடியாது. வேறு பிளேட்டுக்குப் பழைய வண்டிச் சாமான் விற்கும் ஹாஃப்-கட் கடை கடையாக அலைய வேண்டியிருக்கும்.

சாமான் பட்டியலில் கிட்டோடு சேர்த்து வாங்க வேண்டியவை: புதிய ஃபில்டர், வால்வ் பாடி கேஸ்கெட், நான்கு அக்குமுலேட்டருக்கும் ஓ-ரிங், பெட்டியின் அடித்தட்டுக்கு எண்ணெய் தாங்கும் சிலிக்கான், இரண்டு 4 லிட்டர் டின் எண்ணெய். எண்ணெய் எந்த ரகம் என்பதை டிப்ஸ்டிக்கும் கையேடும் சொல்லும். டெக்ஸ்ரான், டி-IV, டபிள்யூஎஸ் மூன்றும் ஒன்றல்ல. டபிள்யூஎஸ் மற்ற இரண்டையும் விட மெலிசு. கருவியில் முக்கியமானது சிறிய டார்க் ரெஞ்ச். இங்கே போல்ட்டுகள் அலுமினியத்தில் இறங்குகின்றன, 'கை அளவில்' இறுக்குகிற பழக்கம் மரையைப் பிடுங்கிவிடும். வாசலின் ஒரு டப்பா. பழைய பனியன் துணி வேண்டவே வேண்டாம், அதன் பஞ்சு ஒரு இழை போதும் வால்வைச் சிக்க வைக்க.

வண்டியை நான்கு ஸ்டாண்டில் நிறுத்தி, பெட்டியை நன்றாகக் கழுவிக் காயவிட்ட பிறகே அடித்தட்டைத் திறங்கள். மண் ஒட்டிய தோட்டத்து வண்டியில் இந்த ஒரு வேலையைத் தவிர்த்தால் மற்ற எல்லாம் வீண். எண்ணெயை வடித்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடித்தட்டிலுள்ள காந்தங்களைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இயல்பானது. இரும்புச் சில்லு இருந்தால் பேரிங் அல்லது பல்சக்கரம். காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் பொடி புஷ் தேய்வது. கறுப்புச் செதில் கிளட்ச் தட்டின் தோல். பசையைத் தவிர வேறு எது இருந்தாலும் கிட்டைப் பிரிக்காமல் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓவர்ஹால் கணக்குப் போடுங்கள்.

எண்ணெய்க் குழாய்கள் வால்வ் பாடியில் சும்மா செருகியவைதான். இரு முனையிலும் பெரிய ஸ்குரூடிரைவரால் மெல்ல நெம்பினால் வரும். வளைத்துவிடாதீர்கள். சோலனாய்டு வயர்களைக் கழற்றும் முன் ஒவ்வொன்றுக்கும் டேப் ஒட்டி எழுதுங்கள். அடுத்து ஃபில்டர், பிறகு வால்வ் பாடி போல்ட். அவற்றின் நீளம் ஒன்றல்ல. ஓர் அட்டையில் வால்வ் பாடியின் படத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் போல்ட்டைக் குத்தி வைப்பதே நல்ல முறை. நீளமானது குட்டையின் இடத்தில் போனால் அடியில் முட்டி கேஸை விரியச் செய்யும்.

வால்வ் பாடியை இறக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். அது கீழே வரும்போது அக்குமுலேட்டர் ஸ்பிரிங்குகளும், கேஸுக்குள் இருக்கும் ஒரு சின்னச் செக் பால் உடலும் அதன் ஸ்பிரிங்கும் சேர்ந்தே விழும். அந்தச் சின்ன ஜோடி எண்ணெய்த் தட்டில் விழுந்து, கழிவெண்ணெயோடு போய்விடுவது வழக்கமான விபத்து. தட்டை வடிகட்டிப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரோடு இணைந்த திராட்டில் கேபிள் உள்ள மாடலில் கேபிள் முனையைக் கேமிலிருந்து எடுக்க மறக்க வேண்டாம்.

பிஸ்டன்களைக் கேஸிலிருந்து எடுக்க, மேலே துணி பிடித்து, அருகிலுள்ள எண்ணெய்த் துளையில் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அளவில் காற்று விடுங்கள். கம்ப்ரெஸரை முழு அழுத்தத்தில் வைத்து ஊதினால் பிஸ்டன் தோட்டாவாகப் பறக்கும். நான்கு பிஸ்டன், அதாவது சி0, சி2, பி0, பி2, அளவிலும் ஸ்பிரிங் நிறத்திலும் வேறு வேறு. சிலவற்றில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங் இருக்கும். பிஸ்டனின் பக்கவாட்டில் கீறல் நகத்தில் தட்டினால் ஓ-ரிங் மாற்றிப் பயனில்லை, பிஸ்டனையே மாற்றுங்கள். புது ஓ-ரிங்கை எண்ணெயில் நனைத்துப் போட்டு, பிஸ்டனைத் திருகாமல் நேராக அழுத்துங்கள். சாய்த்து நுழைத்தால் விளிம்பில் வெட்டுப்படும், வெட்டுப்பட்டது வண்டி ஓடும்போதுதான் தெரியும். உங்கள் கேள்விக்குரிய கோளாறு இந்த சி2 ஓ-ரிங்கோடு முடிந்துவிடவும் வாய்ப்பு இருக்கிறது.

வால்வ் பாடியைப் பிரிக்கும்போது பிளேட்டை ஒரு பாதியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துத் தூக்குங்கள். விட்டால் உருண்டைகள் சிதறும். ஒவ்வொரு அடுக்கையும் திறந்தவுடன் படம் எடுங்கள், கை வைத்த பிறகு எடுத்த படத்துக்கு மதிப்பில்லை. உருண்டைகளின் எண்ணிக்கையும் இடமும் மாடலுக்கு மாடல் வேறுபடும். ஆகவே இணையத்துப் படத்தை நம்பாமல் உங்கள் பெட்டியின் படத்தையே நம்புங்கள். ரப்பர் உருண்டையைப் பிரேக் கிளீனரில் ஊறவிட்டால் உப்பிவிடும். மண்ணெண்ணெயில் அலசிக் காற்று விட்டால் போதும். பிளேட்டில் உருண்டை அடித்து அடித்துக் குழி விழுந்திருந்தால் பிளேட்டையும் மாற்ற வேண்டும்.

துளை போடும்போது பிளேட்டுக்கு அடியில் மரக்கட்டை வைத்து, மெதுவான வேகத்தில், செங்குத்தாக. பிறகு பெரிய டிரில் பிட்டைக் கையில் பிடித்து இரு புறமும் பிசிறை எடுத்து, கண்ணாடிமேல் வைத்த நைஸ் மணல்தாளில் ஒரு தடவை தேயுங்கள். வால்வுகளைக் கழற்றினால் திரும்பப் போடும்போது தம் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். சிக்குகிற வால்வைத் தேய்க்காதீர்கள், அழுக்கைத் தேடுங்கள். சேர்க்கும்போது உருண்டைகளை வாசலினால் ஒட்டுங்கள். கிரீஸ் கரையாது, போய் ஃபில்டரை அடைக்கும்.

கிட்டில் லைன் பிரஷரைக் கூட்டும் ரெகுலேட்டர் ஸ்பிரிங்கும் இருக்கும். சுமை ஏற்றும் டீசல் பிக்கப்புக்கு அதில் மிதமானதே போதும். கூடுதல் அழுத்தத்தின் விலையைப் பம்பும் சீலிங் ரிங்கும் கொடுக்கின்றன, எண்ணெயும் சூடாகும். அக்குமுலேட்டர் ஸ்பிரிங், துளை, ரெகுலேட்டர் ஸ்பிரிங் மூன்றையும் உச்ச அளவில் சேர்த்துப் போட்டால் கியர் மாறும் ஒவ்வொரு முறையும் பின்னாலிருந்து யாரோ உதைப்பதுபோல் இருக்கும். அந்த உதையை வாங்குவது புரொப்பெல்லர் ஷாஃப்டின் குறுக்கு ஜாயிண்டும் பின் டிஃபரென்ஷியலும். வேலைக்கு முன்பே ஜாயிண்டைக் கையால் ஆட்டிப் பார்த்து, ஆட்டம் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

மேலேற்றும்போது, கியர் லீவரால் நகரும் மேனுவல் வால்வின் பள்ளம் லீவரின் முளையில் சரியாக உட்கார வேண்டும். அது தவறினால் லீவர் ஆடும், கியர் மாறாது, எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டியதுதான். வால்வ் பாடி போல்ட்டும் ஃபில்டர் போல்ட்டும் 10 நியூட்டன் மீட்டர், நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுற்றுச் சுற்றாக. குழாய்களைப் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டி உட்கார வையுங்கள். அடித்தட்டு போல்ட் 7.4 மட்டுமே. சிலிக்கானை 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமனில் போல்ட் துளைக்கு உட்புறமாக இழுங்கள். அதிகமானால் உள்ளே பிதுங்கி உதிர்ந்து ஃபில்டரில் போய் உட்காரும். கேபிள் மாடல் என்றால் பெடலை முழுதாக அழுத்திய நிலையில் கேபிளின் ஸ்டாப்பருக்கும் ரப்பர் உறையின் முனைக்கும் 0 முதல் 1 மில்லிமீட்டர் இடைவெளி. கியர் கடினமாக மாற வேண்டும் என்று இதை இழுத்துவைக்கிற வழக்கம் பட்டறைகளில் உண்டு. அது லைன் பிரஷரைக் குழப்புவதைத் தவிர எதற்கும் உதவாது.

வடித்த அளவு எண்ணெயை ஊற்றி, ஐடிலில் ஒவ்வொரு கியரிலும் சில வினாடி நிறுத்தி பி முதல் எல் வரை போய் வந்து, 'கூல்' கோட்டைப் பாருங்கள். ஓட்டிச் சூடான பிறகு 'ஹாட்' கோடு. முதல் சோதனை ஓட்டத்துக்குப் பினாங்குப் பாலத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 13.5 கிலோமீட்டர் பாலத்தின் நடுவில் கியர் போனால் கடலைப் பார்த்துக்கொண்டு இழுவை வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். வீட்டைச் சுற்றியே, முதலில் வெறும் வண்டி, பிறகு பாதிச் சுமை.

என்ன தவறும் என்றால், ஒன்றிலிருந்து இரண்டுக்கு மட்டும் இடி விழுவதுபோல் மாறினால் பி2 பாதையில் உருண்டை விட்டுப்போயிருக்கும் அல்லது இடம் மாறியிருக்கும். மூன்றாவது வழுக்கி ரிவர்ஸும் தாமதமானால் சி2 ஓ-ரிங் வெட்டுப்பட்டிருக்கிறது. வண்டி மூன்றாம் கியரில் சோம்பலாகக் கிளம்பி, வேகம் கூடக்கூடக் கீழ்க் கியருக்குப் போய் இன்ஜின் அலறினால் பயப்பட வேண்டாம், ஆனால் உடனே நிறுத்துங்கள்: எஸ்1, எஸ்2 வயர் மாறியிருக்கிறது. முதல் கியருக்கு எஸ்1 மட்டும், மூன்றாவதுக்கு எஸ்2 மட்டும் வேலை செய்கிறது. வயர் மாறினால் அந்த இரண்டும் இடம் மாறிவிடும், இரண்டாவதும் ஓவர்டிரைவும் மட்டும் சரியாக வரும். எல்லாக் கியருமே கடினமாக இருந்தால் ரெகுலேட்டர் ஸ்பிரிங் அல்லது கேபிள்.

ஏற்றத்தில் ஓட்டுகிற முறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குச் செலவில்லை. துன் சார்டோன் வளைவுகளில் சுமையோடு ஏறும்போது ஓவர்டிரைவை அணைத்து வையுங்கள். மூன்றுக்கும் நாலுக்கும் இடையே தாவித் தாவி மாறுவதே எண்ணெயை அதிகம் காய்ச்சுகிறது, கிட் அந்தத் தாவலை நிறுத்தாது. வருஷம் முழுதும் 30 டிகிரியைத் தாண்டும் ஊரில், ரீமேப்பும் சுமையும் உள்ள வண்டிக்கு வெளிக் கூலர் ஒன்றைக் கிட்டுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரைத் தாண்டி வருகிற திரும்பும் குழாயில் அதை இணையுங்கள்.

இதே யோசனையைப் புதிய பெட்டிகளுக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. 2011 வாக்கில் 3.0-க்கு வந்த ஐந்து கியர் ஏ750-இலும் அடுத்து வந்த ஆறு கியரிலும் கிளட்ச் அழுத்தத்தை லீனியர் சோலனாய்டுகளும் கம்ப்யூட்டரும் ஒவ்வொரு மாற்றத்திலும் கணக்கிட்டு, தேய்மானத்துக்கேற்ப கற்றுக்கொண்டும் வருகின்றன. அங்கே துளையைப் பெரிதாக்குவது கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுவது. தேய்ந்த வால்வுத் துளையைச் சரிசெய்யும் பழுதுபார்ப்புக் கிட்தான் பொருத்தம், பிறகு கற்ற மதிப்புகளை அழித்து மறுபடி கற்பிக்க வேண்டும். நிசான் நவாரா டி40-இன் ஐந்து கியர் பெட்டியில் கம்ப்யூட்டரே வால்வ் பாடிமேல் உட்கார்ந்திருக்கிறது. அதில் முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டர் கூலர் உடைந்து தண்ணீர் எண்ணெயில் கலந்திருக்கிறதா என்பது. எண்ணெய் இளஞ்சிவப்புப் பால்போல் இருந்தால் எந்தக் கிட்டும் உதவாது.

500 கிலோமீட்டர் ஓடிய பின் அடித்தட்டு போல்ட்டில் கசிவு பார்த்து, எண்ணெயை ஒரு முறை வடித்து அதே அளவு புதிது ஊற்றுங்கள். பழையதை வாய்க்காலில் கொட்ட வேண்டாம். 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி கழிவெண்ணெய் இந்நாட்டில் அட்டவணைக் கழிவு. டின்னில் அடைத்து, உரிமம் பெற்றவர் வந்து கழிவெண்ணெய் எடுக்கிற பட்டறை ஒன்றில் கொடுத்துவிடுங்கள்.